கதையாட்டமும் நண்பரும்

ஆடல் என்பது சிறார்க்கே உரியது என்றும், மீசை அரும்பியபின் அதனை விட்டொழித்தலே அறிவுடைமை என்றும் பெரியோர் பலர் கருதுவர். அக்கருத்து முற்றும் பொருந்துவதன்று என்பது எளியேன் துணிபு. பந்தும் மட்டையும் கொண்டு ஆடுவார்க்கு இக்கல்லூரியிற் பரந்த திடல் உண்டு. சதுரங்கம் ஆடுவார்க்கு விடுதிக் கூடத்திலே பலகை உண்டு. திடலும் பலகையும் வேண்டாது, வெற்றியுந் தோல்வியும் இன்றி, நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து வாய்ச்சொல்லாலேயே ஆடும் ஆட்டம் ஒன்றும் உண்டு. அதனை யானும் என் பள்ளித் தோழர் மூவரும் ஐந்தாண்டுகள் ஆடினோம். அதன் இயல்பும் வரலாறும் இன்னவென விளக்கி, அதனால் யான் கற்றதொரு பாடத்தையுங் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலத்தில் 'ரோல் பிளேயிங் கேம்' என வழங்கும் இதனை ஈண்டுக் கதையாட்டம் எனக் குறிப்பேன். ஆடுவோருள் ஒருவர் நடுவராக அமர்வர். ஏனையோர் ஒவ்வொருவரும் கதையில் வரும் பாத்திரம் ஒன்றைத் தமக்கெனப் படைத்துக்கொள்வர். ஒருவர் வாள்வீரன், ஒருவர் மந்திரம் வல்லான், ஒருவர் பூட்டுத் திறப்பதிற் கைதேர்ந்த கள்வன். நடுவர், 'மாலை மயங்குகின்றது; காட்டு வழியிலே பாழ்மண்டபம் ஒன்று தோன்றுகின்றது; உள்ளே விளக்கொளி தெரிகின்றது; யாது செய்வீர்?' என்று வினவுவார். ஒருவர், 'கதவருகே சென்று செவி சாய்த்துக் கேட்பேன்' என்பார். மற்றொருவர், 'பின்புறஞ் சென்று பலகணி உண்டோ எனப் பார்ப்பேன்' என்பார். அவரவர் செயலுக்கேற்ற விளைவை நடுவர் உரைப்பார். இவ்வாறு வினாவும் விடையுமாகக் கதை வளர்ந்து செல்லும்.

இது நாடகத்தை ஒக்கும் என்று கருதுவார் உளர். நாடகத்துக்கு முன்னரே எழுதிவைத்த ஏடு உண்டு, இதற்கு அஃதில்லை. கதையின் முடிவு நடுவர்க்குந் தெரியாது. நாடகத்தைக் காண்பார் எதிரே இருப்பர். இங்கே ஆடுவாரே காண்பாரும் ஆவர். ஓர் ஆட்டம் ஒரு மாலையில் முடியலாம். அன்றிப் பல ஆண்டுகள் நீளவுஞ் செய்யலாம்.

விரும்பியதெல்லாம் விரும்பியவாறே நிறைவேறுமாயின் கதை சுவை பயவாது. ஆதலின் இவ்வாட்டத்திற் கவறு இன்றியமையாததாயிற்று. நம் வீடுகளில் உருட்டும் தாயக்கட்டை நாற்பக்கம் உடையது. கதையாட்டத்துக்கோ நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்களையுடைய ஐவகைக் கவறுகள் வேண்டும். வடிவ கணிதம் பயிலும் நண்பர்கள் இவையே ஒழுங்குத் திண்பொருள்கள் ஐந்தும் என்பதை உடனே உணர்வர். பத்து முகக் கவறு பின்னர் வந்து சேர்ந்தது. பாத்திரத்தைப் படைக்கும்போது வலிமை, விரைவு, உடலுரம், அறிவு, தெளிவு, கவர்ச்சி என்னும் ஆறு பண்புகளுக்கும் தனித்தனியே மூன்று அறுமுகக் கவறுகளை உருட்டி எண் குறித்தல் பழைய முறை. குறைந்த எண் 3; மிகுந்த எண் 18. மூன்று கவறும் ஆறாய் விழுந்து 18 கிடைப்பது 216 முறைக்கு ஒருமுறையே நேரத்தக்கது. ஆகவே எல்லாப் பண்பும் நிரம்பிய வீரனைப் பெறுதல் அரிது. வலிமை மிக்கவன் அறிவிற் குறைந்தவனாவான். அறிவுடையான் நான்கடி ஓடினால் இளைப்பான். ஒருவன் குறையை மற்றொருவன் நிறைவு ஈடுசெய்தாலன்றிக் கூட்டம் பிழைத்தல் இயலாது.

ஐயத்துக்கிடமான செயலை ஒருவர் மேற்கொள்ளும்போது இருபது முகக் கவறு உருளும். அகழியைத் தாண்ட 12 வேண்டும் என நடுவர் விதித்தாராயின், 12 முதல் 20 வரை ஒன்பது எண்களுள் எது விழுந்தாலும் தாண்டினார். விழாவிடின் நீரிற் கிடப்பார். எனவே இருபதுக்கு ஒன்பது வாய்ப்பே உண்டு. ஐயமற்ற செயலுக்குக் கவறு வேண்டுவதில்லை. ஆடுவோர் சொல்லே போதும். இவ்விதியை வாசகர் நினைவிற்கொள்ள வேண்டுகின்றேன். பின்னர் இதனால் எனக்கொரு காரியம் நேர்ந்தது.

இனி இதன் தோற்றத்தைக் கூறுவாம். பிரஷ்யா நாட்டிலே ரைஸ்விட்ஸ் என்பார் ஒருவர் 1812இற் போர்ப்பயிற்சிக்கென மேசையாட்டம் ஒன்றை அமைத்து அரசனுக்குக் காட்டினார். அவர்தம் மைந்தர் அதனைத் திருத்தி 1824இல் விதிநூலாக வெளியிட்டார். நிலப்படத்தின்மீது சேனைக் கட்டைகளை நகர்த்தி, கவறு உருட்டி, நடுவர் தீர்ப்பளிக்கும் முறை அதிலே உண்டு. எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில நூலாசிரியர் பொம்மைப் போர்வீரரைக் கொண்டு ஆடும் முறையை 1913இல் நூலாக எழுதினார். இவ்வழியில் வந்த போராட்டங்களிலெல்லாம் ஆடுவோர் படைத்தலைவராக நின்று பல்லாயிரவரை ஏவினரேயன்றித் தாம் ஒரு தனிமாந்தராக நின்றாரல்லர். 1960களின் இறுதியில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து டேவிட் வெஸ்லி என்பார், ஒரு கற்பனை நகரத்திலுள்ள தனித்தனி மாந்தரை ஆடுவோர் ஒவ்வொருவர்க்கும் ஒப்புவித்தார். சேனை மறைந்து ஆள் தோன்றிய இடம் இதுவே.

அவ்வாட்டத்தில் இருந்தவருள் ஒருவர் டேவ் ஆர்னிசன். மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்ற மாணவர். அவர் தம் நண்பரோடு 'பிளாக்மூர்' என்னும் கற்பனை நாட்டைப் படைத்து ஆடலானார். 1972இல் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூருக்குச் சென்று அதனைக் கேரி கைகாக்ஸ் என்பாருக்கு ஆடிக்காட்டினார். கைகாக்ஸ் காப்பீட்டு வேலையை 1970இல் இழந்து பாதரட்சை செப்பனிட்டுக் குடும்பம் நடத்தியவர். அவர் தம் மகனையும் மகளையும் முதல் ஆட்டக்காரராக அமர்த்தி விதிகளை வகுத்தார். இளமைத் தோழர் டான் கேய் என்பாருடன் 1973இல் ஒரு சிறு நிறுவனம் தொடங்கி, 1974இல் மூன்று சிறு நூல்களை ஒரு பெட்டியிலிட்டு, பத்து டாலர் விலையில் ஆயிரம் படிகள் வெளியிட்டார். அதுவே 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது. நிலவறைகளும் வலுசர்ப்பங்களும் என்பது அதன் பொருள். ஆயிரம் படிகளும் ஓராண்டுக்குள் விற்றுத் தீர்ந்தன. கேய் 1975இலேயே இறந்தார். விண்வெளிச் செலவைப் பொருளாகக் கொண்ட 'டிராவலர்' 1977இலும், அச்சச் சுவை நிரம்பிய 'கால் ஆஃப் கதுலு' 1981இலும் வெளிவந்தன. இன்று பல நாடுகளிற் பல மொழிகளில் இவ்வாட்டங்கள் வழங்குகின்றன.

ஈண்டு வருந்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. நண்பராய்க் கூடிப் படைத்த இவ்விருவரும் பின்னர்ப் பகைத்தனர். எந்தப் பகுதி எவர் ஆக்கியது என்பதில் இருவர் நினைவும் ஒத்ததாக இல்லை. ஆர்னிசன் தமக்குரிய பெயரும் பங்கும் வேண்டி 1979இல் வழக்குத் தொடுத்தார். 1981இல் உடன்பாடு ஏற்பட்டது. கைகாக்ஸ் 2008இலும் ஆர்னிசன் 2009இலும் மறைந்தனர். ஒரே மேசையில் ஒரே மாலையில் இருந்தோர் வேறுவேறு கதைகளை வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர் என்பதற்கு இவ்வாட்டத்தின் தந்தையரே முதற்சான்று ஆயினர்.

நிற்க. பெட்டியும் விதிநூலும் 1974இல் வந்தனவேனும், இவ்வியல்பினதாகிய ஆடல் அதற்கு மிகமுந்தியது. இங்கிலாந்தின் ஹாவர்த் என்னுஞ் சிற்றூரில் குருத்துவப் பணியாற்றிய பேட்ரிக் பிரான்ட்டே என்பார் 1826இல் தம் மகன் பிரான்வெல்லுக்கு மரத்தாற் செய்த போர்வீரர் பன்னிருவரை வாங்கி வந்தார். மகள் சார்லட் அவற்றுள் ஒன்றை எடுத்து வெல்லிங்டன் பிரபு என்று பெயரிட்டார். எமிலியும் ஆனும் ஒவ்வொன்று எடுத்தனர். அப்பொம்மைகளிலிருந்து அந்நால்வரும் நாடும் நகரும் அரச மரபும் போரும் படைத்து, உள்ளங்கையுள் அடங்கும் நுண்ணிய ஏடுகளில் எழுதிவைத்தனர். எமிலியும் ஆனும் கோண்டால் என்னும் தீவைத் தமக்கெனத் தனியே வைத்துக்கொண்டனர். 1845இல் இருவரும் யார்க் நகருக்குச் சென்றபோது வழியெல்லாம் கோண்டால் மாந்தராகவே நடித்துச் சென்றதாக எமிலி தம் குறிப்பில் எழுதியிருக்கின்றார். அப்பொழுது அவர்க்கு ஆண்டு இருபத்தேழு நிரம்பும் தறுவாய். ஆங்கில வகுப்பிலே நாம் பெருநூலாசிரியர் என்று போற்றும் அம்மையார் வளர்ந்தபின்னும் ஆடலை விட்டாரல்லர். எமிலி 1848இலும் ஆன் 1849இலும் இறந்தனர். கோண்டாலைப் பற்றிய செய்யுட்கள் சில எஞ்சின. உரைநடைக் கதைகள் மறைந்தன. அந்நாட்டின் வழிகளை முற்றும் அறிந்தவர் உலகில் இருவரே. இருவரும் போனபின் அந்நாடும் போயிற்று. கதையாட்டத்தின் அரங்கு மேசையன்று, ஆடினோர் நினைவே என்பது இதனாற் பெறப்படும்.

இனி எங்கள் ஆட்டத்துக்கு வருவேன். யாங்கள் எட்டாம் வகுப்பிற் பயின்ற காலத்தில், தோழன் ஒருவனுடைய தாய்மாமன் சிங்கப்பூரிலிருந்து அப்பெட்டியைக் கொணர்ந்தார். சனிக்கிழமை பிற்பகல்தோறும் அவன் வீட்டு மாடியறையிற் கூடினோம். பெட்டிக்கு உரியவனே நடுவனானான். விதிநூல் ஆங்கிலம், ஆட்டம் தமிழ். வாள்வீரனுக்கு யாங்கள் சூட்டிய பட்டங்களைக் கேட்டு அவன் பாட்டியார் கீழிருந்தே நகைப்பார். இரண்டாம் மாதத்தில் இருபது முகக் கவறு மாடிப்படியில் உருண்டு சாக்கடையில் விழுந்து மறைந்தது. அதன்பின் ஒன்று முதல் இருபது வரை எழுதிய துண்டுத் தாள்களை முறுக்குத் தகரத்திலிட்டுக் குலுக்கி எடுத்தோம். நடுவன் ஒவ்வொரு வாரமும் நிகழ்ந்ததனை ஒரு நீண்ட குறிப்பேட்டில் எழுதி வைத்தான்.

அப்பொழுது என் தந்தையார்க்கு ஓர் ஐயம் எழுந்தது. இவ்வாட்டம் பேய்வழிபாட்டைக் கற்பிப்பது என்றும், இளைஞரை மதிமயக்குவது என்றும் கூறும் துண்டறிக்கை ஒன்றைச் சபையில் எவரோ அவர் கையிற் கொடுத்தனர். இவ்வச்சம் புதியதன்று. 1979இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திற் கல்லூரி மாணவர் ஒருவர் காணாமற்போக, இவ்வாட்டமே காரணம் என்று செய்தித்தாள்கள் எழுதின. காரணம் அதுவன்று என்பது பின்னர்ப் புலனாயிற்று. 1983இல், மகனை இழந்த தாயொருவர் இதனை எதிர்த்துச் சங்கம் நிறுவினார். கிறித்தவக் குடும்பங்கள் பலவற்றில் அப்பெட்டிகள் எரிக்கப்பட்டன. பின்னர் ஆராய்ந்தோர் ஆட்டத்துக்கும் அத்துன்பங்களுக்கும் காரணத் தொடர்பு கண்டிலர். என் தந்தையார் எரிக்கவுமில்லை, தடுக்கவுமில்லை. 'யானே வந்து பார்ப்பேன்' என்றார். ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு வந்து மாடியறை மூலையில் நாற்காலியிட்டு அமர்ந்து, ஆறு மணி வரை ஒரு சொல்லும் பேசாதிருந்தார்.

அன்று எங்கள் கூட்டம் மலைக்கோட்டையிலிருந்து பொற்பேழை ஒன்றைக் கவர்ந்து வந்துகொண்டிருந்தது. யான் கள்வன். பள்ளத்தாக்கின்மேல் கயிற்றுப் பாலம் ஒன்று. பேழையைச் சுமந்து யானும் மந்திரம் வல்லானும் அக்கரை சேர்ந்தோம். வாள்வீரனாக ஆடிய தோழன் பின்தொடர்ந்த பகைவரைத் தடுத்துக்கொண்டு பாலத்தின் நடுவே நின்றான். அப்பாத்திரத்தை அவன் மூன்றாண்டுகளாக வளர்த்திருந்தான். நடுவன் என்னை நோக்கி, 'நீ அவனுக்கு உதவத் திரும்புகின்றாயா? பேழையைக் காக்கப் பாலத்தை அறுக்கின்றாயா?' என்றான். யான் முறுக்குத் தகரத்தை நோக்கிக் கை நீட்டினேன். 'சீட்டு வேண்டுவதில்லை. கத்தி உன் கையில் இருக்கின்றது. கயிறு உன் முன்னே இருக்கின்றது. சொல்' என்றான். 'அறுக்கின்றேன்' என்றேன்.

தோழன் ஒன்றுங் கூறவில்லை. பாத்திரத்தின் பண்புகள் எழுதிய தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மிதிவண்டியில் ஏறிச் சென்றான். அடுத்த இரு சனிக்கிழமைகளும் வந்திலன். வெறும் ஆட்டத்துக்கு இத்துணைச் சினமா என்று யான் வெளியே கூறிக்கொண்டேன்.

அன்று வீடு திரும்பும் வழியில் என் தந்தையார் நெடுந்தூரம் பேசாது நடந்தார். பேய்களைப் பற்றியும் மந்திரங்களைப் பற்றியும் வினவுவார் என்று எதிர்பார்த்து விடைகளை ஆயத்தஞ் செய்து வைத்திருந்தேன். தெருமுனைக்கு வந்ததும் நின்று, 'அந்தப் பிள்ளையை ஏன் தம்பி பாலத்தில் விட்டுவிட்டு வந்தாய்?' என்றார். ஆயத்தஞ் செய்த விடை எதுவும் அவ்வினாவுக்குப் பொருந்தவில்லை. துண்டறிக்கையைப் பற்றி அதன்பின் அவர் பேசியதே இல்லை.

யான் செய்தது யாது என்று பலநாள் எண்ணினேன். பாலம் இல்லை, பேழை இல்லை, இறந்தவரும் இல்லை. ஆயினும் நால்வர் எதிரில், நண்பனா பொருளா என வினவப்பட்டு, சீட்டின்மேற் பழிபோட வழியின்றி, பொருளே என்று என் வாயாற் கூறினேன். அச்சொல் மட்டும் மெய்யாகவே என் வாயிலிருந்து வந்தது. கதையாட்டத்தின் பயனும் இதுவே என்று கருதுகின்றேன். உண்மை வாழ்க்கையில் அத்தகைய பாலம் ஒருவனுக்கு எப்பொழுது வரும் என்பது தெரியாது. வந்தபின் திருத்திக்கொள்ளுதலும் அரிது. பொய்ப் பாலத்தில் நின்று தன்னைக் கண்டுகொண்டவன், தலைகுனிந்து, மறுவாரம் மீண்டும் ஆடலாம்.

மூன்றாவது ஞாயிறு ஆராதனை முடிந்து அவன் வீட்டுக்குச் சென்றேன். முற்றத்தில் மிதிவண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் இட்டுக்கொண்டிருந்தான். நடவாத ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்பது எங்ஙனம் என்று அறியாது நின்றேன். அவன் நிமிர்ந்து பார்த்து, 'எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடி' என்றான். பிடித்தேன். அடுத்த சனிக்கிழமை புதிய பாத்திரம் ஒன்றுடன் வந்தான். அவன் ஒரு படகோட்டி. ஆற்றில் வீழ்ந்த அண்ணனைத் தேடிப் புறப்பட்டவனாம்.

பள்ளியிறுதித் தேர்வுக்குப்பின் நால்வரும் நாலிடம் ஆயினோம். ஒருவன் பொறியியல் பயில்கின்றான். ஒருவன் தந்தையாரின் கடையைப் பார்த்துக்கொள்கின்றான். நடுவன் பெங்களூரில் இருக்கின்றான். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அதே மாடியறையில் மீண்டும் கூடினோம். ஆடப் பொழுதில்லை, ஆடியவற்றைப் பேசினோம். நால்வர் கூறியதும் நாலு கதைகளாக இருந்தன. பாலத்தின் பேச்சு வந்தது. யான் வாளாவிருந்தேன். வாள்வீரனாக ஆடிய தோழன், 'இவன் கயிற்றை அறுக்குமுன் ஒருமுறை திரும்பி நின்று என்னைப் பேர் சொல்லி அழைத்தான். அது எனக்கு நன்றாய் நினைவிருக்கின்றது' என்றான்.

நடுவன் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினான். அந்நாளின் கீழே, 'கள்வன் கயிற்றை அறுத்தான்' என்னும் ஒரே வரி இருந்தது. தோழன் அதனைக் குனிந்து படித்துவிட்டு, 'ஏடு எழுதுகின்றவர்கள் எல்லாவற்றையும் எழுதுவதில்லை' என்று சொல்லி ஏட்டை மூடினான்.

யான் அழைக்கவில்லை என்பதை யான் அறிவேன். அவனும் அறிவான் என்றே எண்ணுகின்றேன். ஆர்னிசனும் கைகாக்ஸும் நினைவு வேறுபட்டு வழக்காடினர். எங்கள் ஆட்டத்திலோ நினைவு வேறுபட்டமையே எனக்கு அருளாயிற்று. விதிநூலும் கவறும் கடையிற் கிடைக்கும். பிழையை நமக்காகத் திருத்தி நினைவில் வைத்துக்கொள்ளும் நண்பரோ, பல சனிக்கிழமைகள் ஒருங்கிருந்தாலன்றிக் கிடையார். ஆதலின் வாசக நண்பர்காள், விடுமுறையில் ஊர் செல்லும்போது பழைய தோழரை ஒரு மேசையைச் சுற்றி அமர்த்துங்கள். கவறு இல்லையாயினும் குறையில்லை. துண்டுத் தாளும் ஒரு முறுக்குத் தகரமும் போதும்.